யாரும் ஃபெயிலாகாத பரீட்சை

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, போன மாதம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று உன் தங்கச்சி தினமும் ஒரு தடவையாவது கேட்கிறாள். என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "சம்மணம் போட்டு உட்காராதீங்க, மாடிப்படியைக் குறைச்சுக்குங்க" என்கிறார் டாக்டர். சிமெண்டுத் தரையில் கால் நடுங்க நடுங்க நம்மைக் கிபாதாச்சியில், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி, நிற்கவைத்த நம் கராத்தே மாஸ்டரை அவருக்குத் தெரியாது.

உன் குரல்பதிவைக் கேட்டேன். பேரன் கராத்தேயில் சேர்ந்ததில் உனக்கு எவ்வளவு சந்தோஷமோ அதைவிடக் கோபம்தான் அதிகம் கேட்டது. டிரெஸ்ஸை அவர்களிடமே வாங்க வேண்டுமாம், 2,800 ரூபாயாம், முதுகில் வகுப்பின் பெயர், கையில் ஏதோ ட்யூஷன் சென்டர் விளம்பரமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் பரீட்சையாம். "பாரம்பரியமே போச்சுடா" என்று முடித்திருந்தாய். பாதிக்கு நான் உன் கட்சி, பாதிக்கு இல்லை. அதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சட்டை. அந்த வெள்ளை உடையை நாம் கோயில் பிரகாரம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் கராத்தே பிறந்த ஓகினாவாத் தீவில் பழைய ஆட்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. வீட்டில் என்ன உடுத்தியிருந்தார்களோ அதிலேயே, இல்லையென்றால் இடுப்பில் ஒரு துணியோடு பயிற்சி செய்தார்கள். 1922-இல் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவுக்கு வந்து, ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் அழைப்பில் அவருடைய ஜூடோ பள்ளியான கோடோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். அந்த மேடைக்கு ஏற்ற உடை வேண்டுமே என்று, ஜூடோ உடையைப் பார்த்துத் தானே துணி வாங்கித் தைத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். பெல்ட்டும் அங்கிருந்து வந்ததுதான். 'டான்' என்ற படிநிலையைக் கானோ 'கோ' பலகை விளையாட்டிலிருந்து எடுத்தார். ஜூடோவில் கறுப்பு பெல்ட் வந்தது 1886 வாக்கில். கராத்தேயில் ஃபுனாகோஷி முதல் டான் பட்டங்களைக் கொடுத்தது 1924-இல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று கலர் கலராகக் கட்டிக்கொண்டது ஜப்பான்கூட இல்லை. 1920-களிலும் 30-களிலும் லண்டன், பாரிஸ் ஜூடோ கிளப்புகளில் கிளம்பிய பழக்கம் அது. வெள்ளை பெல்ட்டைத் துவைக்கவே கூடாது, வேர்வையும் அழுக்கும் ஏறி ஏறி அதுவே கறுப்பாகிவிடும் என்று நமக்கொரு கதை சொன்னார்களே, சுத்தமான கட்டுக்கதை.

நம் டிரெஸ்ஸையே எடுத்துக்கொள். பாலக்கரையில் பேண்ட், சட்டை தைக்கிற தையல்காரரிடம் பத்திரிகைப் படத்தைக் காட்டி, காடாத் துணியில் தைத்தது. முதல் சலவையிலேயே சுருங்கி, கை முழங்கைக்கு ஏறிவிட்டது. பஞ்ச் அடித்தால் படார் என்று சத்தம் வரவேண்டும் என்பதற்காக உன் அம்மாவைக் கெஞ்சிக் கஞ்சி போடவைப்பாய். அந்த வடித்த கஞ்சி வாசனையோடு நீ வரிசையில் நின்றால் பின்னால் நிற்கிறவனுக்குப் பசிக்கும். பச்சை பெல்ட் வாங்கக் காசில்லாமல் வெள்ளை பெல்ட்டைச் சாயத்தில் முக்கினோம். மழை நாளில் அது ஒழுகி நம் எல்லோருடைய இடுப்பும் பச்சை. இதில் எங்கே மாப்ளே பாரம்பரியம்? கிடைத்ததைக் கட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். இன்றைக்குக் கட்டா (எதிராளி இல்லாமல் அடிகளை வரிசையாகச் செய்துகாட்டுவது) போட்டிக்கென்று கனமான துணியில், சத்தம் வருவதற்காகவே வெட்டித் தைத்த டிரெஸ் விற்கிறார்கள். சென்னைக்குப் போனால் பெரியமேட்டில் கடைகடையாகத் தொங்குகிறது. நம் கஞ்சி வேலையைக் கம்பெனிக்காரன் செய்கிறான்.

விளையாட்டுக்காக உடையை மாற்றினால் கலை செத்துவிடும் என்ற பயமும் புதிதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான்காரரை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்தித் தங்கம் வாங்கிய டச்சுக்காரர் ஆன்டன் கீசிங்க், பின்னாளில் ஒரு வீரர் நீல உடை போடட்டும் என்று கிளம்பினார். டிவியில் யார் யாரென்று தெரிய வேண்டும், நடுவருக்கும் குழப்பம் இருக்காது என்பது வாதம். ஜப்பான் கடைசிவரை எதிர்த்தது. 1997-இல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. ஜூடோ செத்தா போய்விட்டது? 2021-இல் டோக்கியோவில் கராத்தே முதல்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது பார்த்திருப்பாய், களத்தில் எவர் இடுப்பிலும் கறுப்பு பெல்ட் இல்லை. ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு நீலம். கட்டாவில் தங்கம் வாங்கிய ஓகினாவாக்காரர் கியூனா ரியோவுக்கும் அதே சட்டம்தான். அவர் என்ன டான் என்று அந்த மேடை கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த ஒலிம்பிக்கில், பாரிஸில், கராத்தேயையே தூக்கிவிட்டார்கள் என்பது வேறு சோகம்.

அப்புறம் நீ சிலம்பத்தை இழுத்தாய். "நம்ம சிலம்பத்துல இந்த வேஷமெல்லாம் உண்டா?" என்றாய். இப்போது உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்களே. டி-ஷர்ட், டிராக் பேண்ட், நெஞ்சில் ஊர்ப் பெயர் என்பதுதான் இன்றைய சிலம்பக் களம். உன் தாத்தா தார்ப்பாய்ச்சி வேட்டியோடு, வெற்றுடம்பில் கம்பு சுற்றியது அழகுதான், நானும் வாய் பிளந்து பார்த்தவன். ஆனால் அந்தக் களத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்திருக்கிறாயா? இன்றைக்கு எங்கள் தெரு மைதானத்தில் சாயங்காலம் கம்பு சுற்றுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அதில் அந்த டிராக் பேண்டுக்கு ஒரு பங்கு உண்டு. அதனால் சட்டையைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வராதே.

பரீட்சை என்றால் நானே சண்டைக்கு வருவேன்.

போன மாதம் நம் ஜூனியர் ஒருவன் நடத்துகிற வகுப்பின் கிரேடிங்குக்கு, அதுதான் பெல்ட் பரீட்சைக்கு, என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டான். பேர் வேண்டாம், உனக்கே தெரியும். கல்யாண மண்டபம், வாசலில் ஃப்ளெக்ஸ், உள்ளே போட்டோகிராபர். எட்டு வயது இருக்கும், ஒரு பெண்குழந்தை ஹெயான் ஷோடான் என்ற கட்டாவைச் செய்ய வந்தது. முதல் அடியே இடது பக்கம் திரும்பிக் கீழ் பிளாக் போட வேண்டும். அது வலது பக்கம் திரும்பிவிட்டது. திரும்பியதும் தெரிந்துவிட்டது, அப்படியே நின்றது. உடனே உதவி மாஸ்டர் ஒருவர் முன்னால் வந்து அவரே கட்டாவைச் செய்ய, குழந்தை அவர் காலைப் பார்த்துப் பார்த்துக் கடைசிவரை செய்தது. 'கியாய்' மட்டும் நன்றாகக் கத்தியது. கைதட்டல், புது பெல்ட், என்னோடு போட்டோ. போட்டோ முடிந்து வரிசைக்குத் திரும்பும்போது பக்கத்துப் பையனிடம் மெதுவாகக் கேட்டது: "நான் தப்பாத்தானே பண்ணேன்?" அவன் சொன்னான்: "பரவால்ல, எல்லாருக்கும் குடுப்பாங்க."

அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது பார். மண்டபத்தில் மற்ற யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நம் ஜூனியரைத் தனியாகப் பிடித்தேன். மழுப்பவில்லை, நேராகவே பேசினான். "அண்ணே, ஒரு புள்ளைய ஃபெயில் போட்டா அந்த வீடு மட்டும் போகாது. ஒரே அபார்ட்மெண்ட்ல இருந்து மூணு வீடு சேர்ந்து எதிர் வகுப்புக்குப் போயிடும். அங்க ஒரு வருஷம் முன்னாடியே பிளாக் பெல்ட் குடுக்கறான்." மாதக் கட்டணத்தில் ஹால் வாடகையும் உதவி மாஸ்டர் சம்பளமும்தான் கட்டுபடியாகிறதாம். சங்கத்துக்குச் சான்றிதழ்ப் பணம் கட்டியது போக, அவன் வீட்டு அரிசி கிரேடிங்கில்தான் வருகிறது. தலைக்கு 1,500 ரூபாய். "கிரேடிங்குக்குக் காசு வாங்காதே, அதுக்குப் பதில் மாசம் 300 ரூபாய் கூட்டு" என்றேன். சிரித்தான். "மாசம் 300 கூட்டுனா கேள்வி கேப்பாங்கண்ணே. சர்டிபிகேட்டுன்னா 1,500 கேக்காமக் குடுப்பாங்க." எனக்குப் பதில் வரவில்லை.

திரும்பி வரும்போது நம் மாஸ்டரைத்தான் நினைத்தேன். நீ ப்ரவுன் பெல்ட்டில் ஃபெயிலானது ஞாபகம் இருக்கிறதா? எல்லோர் முன்னாலும் "உனக்கு இடுப்பு திரும்பல, ஆறு மாசம் கழிச்சு வா" என்றார். அவர் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று குதித்தாய். மூன்றாம் நாள் அவருக்கு முன்னால் போய் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டு நின்றாய். இன்றைக்கும் நாலு பேர் கூடினால் பாஸான கதையைச் சொல்ல மாட்டாய், ஃபெயிலான கதையைத்தான் சொல்வாய். அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு அவருடைய கண்டிப்பு மட்டும் காரணம் இல்லை. அவர் பி.எச்.இ.எல்.லில் வெல்டர். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். நாம் கொடுத்த பத்து ரூபாய் டீச்செலவுக்கு. நாம் எல்லோரும் நின்றுவிட்டாலும் அவர் வீட்டில் உலை கொதிக்கும். உன் தாத்தாவுக்கும் வயல் இருந்தது. வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் தட்சணையாக வாங்கிக்கொண்டு, பிடிக்காதவனை "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்ப முடிந்தது. சோறு வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் வாய் திறந்து 'இல்லை' என்று சொல்ல முடிந்தது.

அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஃபுனாகோஷியே டோக்கியோவில் வகுப்பு வருமானம் போதாமல், ஓகினாவா மாணவர் விடுதியில் தங்கி, அறைகளைப் பெருக்கி, காவல் பார்த்து, தோட்ட வேலை செய்து காலம் தள்ளினார். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர். இன்று சோட்டோகான் என்று உலகம் முழுக்கப் பெயர் போட்டுக்கொள்கிற அத்தனை வகுப்புக்கும் மூலவர் அவர். நம் ஜூனியரிடம் போய் நீயும் விளக்குமாற்றை எடு என்று எப்படிச் சொல்வேன்? அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதால்தான் கெட்டது என்றும் சொல்லாதே. 1900-களின் தொடக்கத்தில் ஓகினாவாப் பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர் இதோசு அங்கோ. நாம் செய்த ஐந்து ஹெயான் கட்டாவும் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிதாக்கிக் கொடுத்ததுதான். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண் சொல்லி அடிக்கவைப்பதும் அந்த வழியில் வந்ததே. எளிதாக்கலாம், கூட்டமாக நடத்தலாம், காசும் வாங்கலாம். தப்பாகத் திரும்பிய குழந்தையிடம் தப்பு என்று சொல்லாமல் பெல்ட் கட்டி அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி வகுப்புகளுக்கு, மெக்டொனால்ட்ஸையும் 'டோஜோ' என்ற பயிற்சிக்கூடத்தையும் ஒட்டி, 'மெக்டோஜோ' என்று பேரே வைத்துவிட்டார்கள். நமக்கு இன்னும் பேர் வைக்கக்கூட நேரமில்லை, அதற்குள் தெருவுக்கு இரண்டு.

பெற்றோரையும் சும்மா விடமாட்டேன். அன்றைக்கு மண்டபத்தில் என்னிடம் வந்த அப்பாக்களில் ஒருவர்கூட "பிள்ளை எப்படிச் செய்கிறான்" என்று கேட்கவில்லை. "பிளாக் பெல்ட் எப்ப சார் வரும்? டென்த்துக்கு முன்னாடி முடிச்சுடலாமா?" என்பதுதான் கேள்வி. ஸ்போர்ட்ஸ் கோட்டா கணக்கு. அவர்களுக்கும் அவர்கள் கவலை.

சரி, நீ என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்த 2,800-ஐக் கட்டிவிடு. அதற்காக மாஸ்டரோடு மல்லுக்கு நிற்காதே, பேரன் முன்னால் அவரைத் தாழ்த்தியும் பேசாதே. டிரெஸ்ஸை ஒரு அளவு பெரிதாக வாங்கு, துணி சுருங்காவிட்டாலும் பையன் வளர்வான். ஆனால் ஒருநாள் சாவகாசமாகப் போய், போன கிரேடிங்கில் எத்தனை பேரை நிறுத்திவைத்தீர்கள் என்று மட்டும் கேள். இரண்டு மூன்று பேர் என்று சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்ட காசைக் கொடு. அவர் நஷ்டத்தில் நடத்துகிறார் என்று அர்த்தம். "எல்லாரும் பாஸ் சார்" என்று பெருமையாகச் சொன்னாலும் பையனை நிறுத்திவிடாதே, அவனுக்கு அங்கே நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். அடுத்த தடவை பெயர் கொடுக்கும்போது "இவன் தயாரில்லைன்னா தயங்காம நிறுத்துங்க, கட்டின காசு கட்டினதுதான், நாங்க வேற எங்கேயும் போக மாட்டோம்" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. அப்படிச் சொல்கிற ஒரு தாத்தாவை அவர் இதுவரை பார்த்திருக்கமாட்டார். நம் ஜூனியரிடம் கேட்டேன், அவனும் பார்த்ததில்லையாம்.

மே மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. மாடியில் நீ ஹெயான் ஷோடான் செய்துகாட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்து உன் இடுப்பு திரும்புகிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சுகர் டெஸ்ட் எடுத்தாயா இல்லையா என்பதற்குக் குரல்பதிவில் பதிலே இல்லை, அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் மச்சான்