பட்டாளத்துக்காரர் கையிலிருந்தே பதக்கம் வாங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் போர்க்காலப் பதக்கம் சேகரிக்கும் நண்பர்களே, வணக்கம்.

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காலை வெயில் ஏறும் முன்பும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சந்தையிலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தவர்கள்தான் நாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அதனால் கொஞ்சம் உபதேச வாடை அடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்தில் இருந்தவரிடமே நேராகப் போய்ப் பதக்கம் வாங்குகிறீர்கள் என்றால், அவர் யார் என்பதை எழுதி வாங்காமல் அந்த வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள். எழுதித் தர அவருக்கு மனமில்லை என்றால் பதக்கத்தையும் வாங்காதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன், மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

நம் ஆட்கள் ஒரு மெடலைக் கையில் எடுத்துக் காட்டும்போது முதலில் வருகிற பெருமைப் பேச்சு, "இது கடையில வாங்கினது இல்ல, அவர் கையாலயே கொடுத்தது" என்பதுதான். அப்படிச் சொன்னதும் விலையும் ஏறுகிறது, பார்க்கிறவர் கண்ணும் விரிகிறது. சரி, யார் அந்த அவர்? எந்தப் படை, என்ன எண், எங்கெல்லாம் இருந்தார், எந்த வருடம் வெளியே வந்தார்? கேட்டுப் பாருங்கள், "செந்தூல் பக்கம் ஒரு தாத்தா", "பட்டர்வொர்த்ல ஒரு வயசான ஆளு", அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்தத் தாத்தாவுக்குப் பெயர் இருந்தது, எண் இருந்தது, கேட்டிருந்தால் அரை நாள் உட்கார்ந்து பேசவும் செய்திருப்பார். வாங்கப் போனவர் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியபோது ஒருவருக்கு 18 வயது என்று வைத்துக்கொண்டால் அவர் பிறந்தது 1923. இன்று நூறைத் தாண்டியிருப்பார். ஆகவே போன மாதம்தான் இரண்டாம் உலகப்போர் வீரரிடமிருந்து நேரடியாக வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவேன். மகனிடமோ பேரனிடமோ வாங்கியிருப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதை அப்படியே சொல்லலாமே. இன்றைக்கு நாம் நேரில் போய்ப் பார்க்கக் கூடியவர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதிய மலாயா அவசரகாலத்தின் கடைசி வருடங்களில் சேர்ந்தவர்கள், 1960-க்கும் 1963-க்கும் இடையில் ஐ.நா. சார்பில் காங்கோவுக்குப் போனவர்கள், இந்தோனேசிய மோதல் சமயத்தில் போர்னியோக் காட்டில் காவல் நின்றவர்கள், அப்புறம் 1968-லிருந்து, கம்யூனிஸ்டுகளோடு 1989-ல் போட்ட ஹட்யாய் சமாதான ஒப்பந்தம் வரை தாய்லாந்து எல்லைப் பக்கம் அலைந்தவர்கள். இவர்களில் மூத்தவர்களுக்கு எண்பதும் தொண்ணூறும் ஆகிவிட்டது, அதனால்தான் இதைத் தள்ளிப்போடாமல் இப்போது எழுதுகிறேன்.

காகிதம் காகிதம் என்று நான் ஏன் இப்படி உயிரை விடுகிறேன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைத் தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுப்பது என்று பிரிட்டன் முடிவு செய்தது. 1939-45 ஸ்டார், பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல், எதை எடுத்தாலும் யாருடையது என்று அதில் ஒரு எழுத்து இருக்காது. இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியப் படையினருக்குப் போனவற்றில் மட்டும் பெயர் பொறித்தார்கள். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தில் இந்திய ராணுவத்தில் சேர்ந்து இங்கே வந்து சண்டை போட்டவரின் ஸ்டாரைத் திருப்பினால் அவர் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. இங்கேயே பிறந்து தொண்டர் படையில் சேர்ந்த ஒரு பினாங்குத் தமிழரின் பசிபிக் ஸ்டாரையும், லிவர்பூலிலிருந்து வந்த ஒருவனின் பசிபிக் ஸ்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மெடல் தபாலில் வந்த சின்ன அட்டைப்பெட்டி, மேலே ஒட்டிய விலாசம், உள்ளே என்னென்ன பதக்கம் என்று அச்சடித்த துண்டுச்சீட்டு, அப்புறம் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம், இவைதான் அந்த உலோகத்துக்கு ஒரு முகத்தைக் கொடுக்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? "பெட்டி கிழிஞ்சிருக்கு, நீங்களே வெச்சுக்கங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு மெடலை மட்டும் ஜிப்லாக் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டு போன நம் ஆட்களுக்கு யாரும் பதக்கம் குத்திவிடவில்லை. அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் மெடல் இருக்கிற வீடே குறைவு, இருக்கிற கொஞ்சத்திலும் ஆளின் பெயரைத் தொலைத்துவிட்டு மேசைக்கு மேசை விற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குக் கோபம் வருகிற இடம்.

பெயர் இருக்கிற மெடல் என்றால் வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். அவசரகாலத்துக்குக் கொடுத்த ஜெனரல் சர்வீஸ் மெடல், மேலே 'மலாயா' என்ற பட்டையோடு வருவது, 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான சேவைக்கு. அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் இருக்கும். ஆனால் நம் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், அப்பா பெயர் இருக்காது, முனியாண்டி எத்தனையோ பேர். எண்ணும் அந்த வீட்டில் கிடைக்கிற ஒரு போட்டோவும் சேர்ந்தால்தான் அது எந்த முனியாண்டி என்று நாளைக்கு யாராவது சொல்ல முடியும். விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். பிராஸோ பாலிஷ் போடுவதும் பழைய ரிப்பனைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டுவதும் அதே ரகம்.

ஒரே ஆளின் பதக்கச் செட்டைப் பிரித்து விற்பது இதைவிட மோசம். பசிபிக் ஸ்டார் ஒருவருக்கு, டிஃபென்ஸ் மெடல் இன்னொருவருக்கு என்று சந்தையில் சிதறவிட்டால், பிற்பாடு வேறொருவர் தன் இஷ்டத்துக்கு நாலைந்தைக் கோத்து ஒரு செட் செய்கிறார். ஒரே ஆளுடையது என்று சொல்லி பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய செட்டை யாராவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்குக்கூட முதலில் கிடைத்த ஸ்டார் ஒன்றுதான், மற்றதற்கு ரிப்பன் மேல் ஒரு சின்னப் பட்டை மட்டுமே. விதி தெரியாத ஆள் உட்கார்ந்து கோத்த செட் அது.

ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து மெடல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே நம் உணர்ச்சியே நம்மை ஏமாற்றுகிறது. நேதாஜி படையில் இங்கிருந்து சேர்ந்த தோட்டத் தமிழர்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களும் ஏராளம், அது நம் வரலாறு. ஆனால் சந்தையில் சுற்றுகிற ஆசாத் ஹிந்த் பதக்கங்களின் பூர்வீகம் வியன்னா. அங்கே ருடால்ஃப் சூவல் என்ற நிறுவனம் ஐரோப்பாவிலிருந்த நேதாஜியின் இந்தியப் படைப்பிரிவுக்காகச் செய்தது, போர் முடிந்த பிறகும் அதே அச்சில் சேகரிப்பாளர்களுக்காக அடித்துத் தள்ளியது. அப்படியிருக்க, பளபளவென்று ஒரு 'ஷேர் இ ஹிந்த்' என்ற ஆசாத் ஹிந்த் பதக்கம் ஈப்போ தாத்தா வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்றால், தாத்தா உண்மையானவராக இருக்கலாம், பதக்கத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் விடக் கூடாது. அந்தத் தாத்தாவின் படை அடையாளச் சீட்டோ, ஒரு பழைய போட்டோவோ இருந்தால் எனக்கு அந்த மெடலைவிட அதுதான் பெரிது.

அப்புறம் பணம். இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறோம். வயதானவர் மெடலை விற்க முன்வருகிறார் என்றால் பெரும்பாலும் வீட்டில் ஏதோ நெருக்கடி: மருந்துச் செலவு, பேத்தி படிப்பு, வாடகை. அந்த நேரத்தில் "இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும் தாத்தா, ஏதோ உங்களுக்காக எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை. சந்தையில் எவ்வளவு போகும் என்பதை அவரிடமே சொல்லுங்கள். உங்களால் தர முடிந்தது அதைவிடக் குறைவு என்றால் அதையும் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். "கொஞ்ச நாள் வெச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று எடுத்துக்கொண்டு வருவதை அறவே விடுங்கள். முதல் தடவை போனதுமே விலை பேசுவதையும்தான். வீட்டில் மகனோ மகளோ இருந்தால் அவர்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்பாவின் மெடல் விற்கப்போகிறது என்று தெரிந்ததும் "வேண்டாம்பா, நான் பணம் தர்றேன்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு மெடல் உங்கள் கையைவிட்டுப் போனால் போகட்டும்.

விற்றே தீர வேண்டும் என்கிறவருக்கு ஒரு நகல் செட் செய்து கொடுங்கள், பெரிய செலவில்லை. ஜூலை 31 ஹரி பஹ்லாவான் என்கிற வீரர் தினத்தன்று பழைய நண்பர்களோடு நிற்கும்போது அவர் மார்பு காலியாக இருக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற சிலர், வாங்குவதே தப்பு, எல்லாம் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கங்களை இங்கிலாந்திலேயே மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். இங்கேயும் ஆசாரி கடைக்கும் பழைய சாமான்காரருக்கும் போனது எவ்வளவோ. அதிலிருந்து மீட்டு வைத்திருப்பவர்கள் சேகரிப்பாளர்கள்தான், அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் விவரம் இல்லாமல் நூறு மெடல் வைத்திருக்கிறவரை நான் சேகரிப்பாளர் என்று சொல்லமாட்டேன், அவர் ஸ்டாக் வைத்திருக்கிறார்.

சரி, என்ன எழுதி வாங்குவது? ஒரு ஏ4 தாள் போதும். முழுப்பெயர், அப்பா பெயர், படை எண், பிரிவு, சேர்ந்த வருடம், விலகிய வருடம், இருந்த இடங்கள், எந்தெந்தப் பதக்கம், என்ன விலை, தேதி, இருவர் கையெழுத்து. இரண்டு பிரதி, ஒன்று அவரிடம் இருக்கட்டும். அவர் பெயரையும் விலாசத்தையும் உயிரோடு இருக்கும்வரை வெளியே காட்ட வேண்டாம் என்று சொன்னால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். மெடலை அணிந்தபடி ஒரு போட்டோ எடுங்கள். போனில் ரெக்கார்டை அழுத்திவிட்டு அவர் தமிழில், அவர் போக்கில் பேச விடுங்கள், மேஜர் பெயர் மறந்துபோனால் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தப் பதிவின் ஒரு பிரதி குடும்பத்துக்கு. அவர்கள் சம்மதித்தால் தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவுக்கும் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருப்பவற்றில், விற்றவர் இன்னும் இருக்கிறார் என்றால், அவர் நம்பர் உங்கள் போனில்தான் இருக்கும். இந்த வாரம் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு பதக்கப் பைத்தியம்