நிதானமான நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் உட்காருவார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிதானமாக ஓடும் பழைய குழந்தைகள் நிகழ்ச்சிகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று பெற்றோர் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பார்ப்பார்கள். போட்டுக் காட்டும் முறையில்தான் கோளாறு.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. சராசரியாக 11 நொடிக்கொருமுறை காட்சி மாறும் கார்ட்டூனை வெறும் 9 நிமிடம் பார்த்தவர்கள், பொறுமையும் கவனமும் கேட்கும் வேலைகளில் பின்தங்கினர். 34 நொடிக்கொருமுறை மாறும் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களும், படம் வரைந்தவர்களும் அப்படிப் பின்தங்கவில்லை. பார்த்த கையோடு எடுத்த அளவு அது. நாள்பட்ட பாதிப்புக்கு அதைச் சான்றாக்கக் கூடாது. 2015-இல் வந்த தொடர் ஆய்வில், வேகத்தைவிட நடக்கவே முடியாத மாயக் காட்சிகளே முக்கியக் காரணமாகத் தெரிந்தன. ஆகவே அதே கார்ட்டூனை 0.75 வேகத்தில் ஓடவிட்டால் தீராது. மாயக் காட்சி குறைந்ததாக நிகழ்ச்சியையே மாற்ற வேண்டும். வேகத்தையும் கவனிக்க, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் காட்சி எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணுங்கள். இரண்டென்றால் நிதானம், ஐந்தைத் தாண்டினால் வேகம்.

1996-இல் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி, ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். முதல் நாள் வாய் திறக்காத பிள்ளை, நாலைந்து நாளில் கத்திப் பதில் சொல்லும். நாமோ முதல் நாள் பிள்ளை நெளிந்ததுமே மாற்றிவிடுகிறோம். இல்லையென்றால், அந்த இடைவெளியில் நாமே பதிலைச் சொல்லிக் கெடுக்கிறோம். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். முடிவு என்று ஒன்று இருந்தால்தான் பிள்ளை எழுந்திருக்கும். ஆங்கிலம் புரியவில்லையென்றால் ஒலியைக் குறைத்து, அம்மையோ ஆச்சியோ பக்கத்தில் இருந்து நம்ம பேச்சில் சொல்லலாம். நேரமும் முக்கியம்: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1968-இல் தொடங்கிய 'மிஸ்டர் ரோஜர்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில், கிரேயான் தயாராவதை ஆற அமரக் காட்டினார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிக் காட்ட எவ்வளவோ உண்டு. ரப்பர் பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்குவதையும், குளச்சல் கடற்கரையில் வலை பின்னுவதையும் அவசரமில்லாமல் படம்பிடித்துக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்ப வேண்டும். ஒரே பகுதியை ஐந்து நாளும், ஒரே நேரத்தில்.

– வாசகர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்