லாபி கதவும் கேட் மோட்டாரும்: சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எங்கள் குடியிருப்பில் நீங்கள் அமைத்துக் கொடுத்த கார்டு லாக், ஸ்லைடிங் கேட் மோட்டார் ஆகியவற்றில் உள்ள பாதுகாப்புக் குறைகள்

ஐயா,

சென்ற வாரம் மாலை கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறிய நேரத்தில் கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிடும் உங்கள் கண்ட்ரோலர் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. லாபிக்குள் ஒரு பாட்டியும் பேரனும் மாட்டிக்கொண்டார்கள். எக்ஸிட் பட்டனை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிந்தது, கதவு திறக்கவில்லை. பக்கத்திலிருந்த பச்சை எமர்ஜென்சி பெட்டியை அழுத்தியும் பயனில்லை. கடைசியில் வாட்ச்மேன் வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, பவர் சப்ளையிலிருந்து ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் கதவு விட்டது.

மறுநாள் வந்த உங்கள் டெக்னீஷியன், "வோல்டேஜ் ஏறி இறங்குது சார், ஸ்டெபிலைசர் வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியாது. எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததில் விஷயம் வேறு என்று தெரிந்தது.

லாபி கதவில் இருக்கும் ஈ.எம். லாக் (மின்காந்தப் பூட்டு) என்பது கரண்ட் இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் நின்றால் விட்டுவிடும். அதனால் எமர்ஜென்சி பெட்டி பூட்டுக்குப் போகும் 12 வோல்ட் லைனையே நேராகத் துண்டிக்க வேண்டும். எக்ஸிட் பட்டனிலும் அப்படி ஒரு தொடர்பு இருக்க வேண்டும். நீங்களோ இரண்டையுமே கண்ட்ரோலருக்குத் தகவல் சொல்லும் ஒயராக மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். கண்ட்ரோலர் நின்றுபோனால் அந்தத் தகவலைக் கேட்க ஆளில்லை. பூட்டோ 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் தயவில் பல மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். 280 கிலோ பிடிமானம் என்று உங்கள் கொட்டேஷனிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். எழுபது வயதுப் பாட்டி அதை எப்படித் தள்ளித் திறப்பார்?

தீ எச்சரிக்கை பேனலோடு இணைப்பதாகவும் அதே கொட்டேஷனில் இருக்கிறது. ஒயர் பேனல் வரை வந்திருக்கிறது, ஆனால் எதிலும் இணைக்காமல் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 4ஆம் பகுதியில் சொல்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

அப்புறம் கேட். ஒரு ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் கேட் வந்து இடித்ததால் அதையும் சோதித்தோம். குறுக்கே ஏதாவது வந்தால் கேட்டை மூடவிடாமல் தடுக்கும் போட்டோசெல் சென்சார் இரண்டு பக்கத் தூண்களிலும் அழகாக மாட்டியிருக்கிறது. மோட்டார் போர்டில் அதற்குரிய டெர்மினலில் மட்டும் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு, சென்சார் எப்போதும் 'சரி' என்று சொல்வதுபோல் செய்து வைத்திருக்கிறீர்கள். திருஷ்டி பொம்மை மாதிரி அந்தச் சென்சார் சும்மா நிற்கிறது, நாங்கள் அதற்கும் பணம் கொடுத்திருக்கிறோம். மாலையில் அந்த வாசலில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஸ்கூட்டருக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று அந்தத் துண்டு ஒயரைப் போட்டவர் இதை யோசிக்கவே இல்லையா? கரண்ட் இல்லாதபோது கேட்டைக் கையால் தள்ளுவதற்கான ரிலீஸ் சாவியும் எங்களிடம் தரப்படவில்லை.

கார்டு பற்றியும் சொல்லிவிடுகிறோம். கொட்டேஷனில் 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு, கையில் கொடுத்தது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. இதைச் சாவிக் கடையிலேயே நகல் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வாடகைதாரர் ஒருவர் எடுத்தும் காட்டினார். சாஃப்ட்வேரின் அட்மின் பாஸ்வேர்டோ இன்னும் உங்களிடம்தான். வீடு காலி செய்து போனவரின் கார்டை நிறுத்தக்கூட உங்களுக்கு போன் செய்ய வேண்டியிருக்கிறது. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பித்தால் தருகிறோம் என்கிறீர்கள். சிஸ்டம் எங்களுடையது, பாஸ்வேர்டும் எங்களுடையதுதான்.

கதவின் ஒயரிங்கையும் போட்டோசெல் இணைப்பையும் இந்த வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இவை உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் காத்திருக்க முடியாது. அதுவரை லாபி பூட்டை அணைத்து வைத்து, ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். அந்தச் சம்பளம் உங்கள் செலவு. தீ எச்சரிக்கை இணைப்பு, சொன்ன ரகக் கார்டும் அதற்கேற்ற ரீடரும், ரிலீஸ் சாவி, பாஸ்வேர்டு ஆகியவற்றை இம்மாத இறுதிக்குள் தர வேண்டும். எல்லாம் முடியும்வரை மீதித் தொகை நிறுத்தி வைக்கப்படும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவோம்.

வேலைக்கு ஆள் அனுப்பும்போது முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். மெயின் கரண்டை நிறுத்தி, கண்ட்ரோலரையும் அணைத்து, பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே பச்சைப் பெட்டியை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். அதை எங்கள் முன்னால் செய்து காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்