2000 துண்டுப் பசிலில் ஒரு துண்டு இல்லை: நான்காவது முறையாக எழுதும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் மூன்று புகாரையும் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்." அதனால் இந்த முறை தமிழில், பதிவுத் தபாலில் எழுதுகிறேன். நான்கு மொழிகளில் தொடர்புகொள்ளலாம் என்று பெட்டியின் பின்பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். தமிழ் வரியில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அது வேறு கதை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் பசில், அந்தச் சிங்கப்பூர் ஆற்றுப் படம், 2000 துண்டு, நீலப் பெட்டி. ஒரு துண்டு இல்லை. மேலிருந்து 23ஆவது வரிசை, இடமிருந்து 31ஆவது துண்டு. இதை இதுவரை ஐந்து பேரிடம் ஒப்பித்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. 11 மணிக்கு உபி வட்டாரத்தில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் நேரம் கொடுத்தது உங்கள் ஆட்கள். அசல் பெட்டியும் ரசீதும் இருந்தால்தான் பார்ப்பார்களாம். ஈசூனிலிருந்து நியூட்டன் வரை ஒரு ரயில், அங்கே மாறி உபிக்கு இன்னொன்று. இறங்கினால் கொட்டுகிற மழை. குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். கீழே இருந்த காவலர் ஐந்தாம் மாடி என்றார். ஐந்தாம் மாடியில் இரண்டாம் மாடி என்றார்கள். இரண்டாம் மாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: சரக்குக் கணக்கெடுப்பு, இன்று முகப்பு இயங்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். இல்லை என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சரக்கைக் கணக்கெடுக்கிறீர்களே, அப்படியே பெட்டிக்குள் இருக்கும் துண்டுகளையும் கொஞ்சம் எண்ணக்கூடாதா?

அது மூன்றாவது பயணம். முதல் முறை வாங்கிய கடைக்குப் போனேன். "நாங்கள் விற்பவர்கள் மட்டும்தான், விநியோகிப்பவரிடம் கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை உங்களிடம் வந்தபோது "எல்லாம் ஆன்லைனில்தான்" என்றீர்கள். ஆன்லைனில் போனால் நேரில் வரச்சொல்கிறீர்கள்.

நான் நேற்று இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவன் இல்லை. அப்பாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் வெள்ளைக்காரர்கள் கிளம்பியபோது ஒரு குடும்பம் அப்பாவிடம் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே இங்கிலாந்து வரைபடம், மாவட்டம் மாவட்டமாக அறுத்த மரத்துண்டுகள். எனக்கு 14 வயது. எத்தனை கைகள் மாறி வந்த பெட்டியோ, அதில் ஒரு துண்டும் குறையவில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லையோரமாக ரம்பத்தால் கையாலேயே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல விற்றார். உங்களிடம் இருப்பது ராட்சத மெஷின்.

அந்த மெஷினைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். நான் அச்சகத்தில் 40 வருஷம் இருந்தவன். கடைசி 14 வருஷம் டை கட்டிங்கில், அதாவது பிளேடு பதித்த டையை அழுத்தி அட்டையை வெட்டும் வேலையில். பிளேடுகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் துண்டு வெளியே தள்ளப்படாமல் டையிலேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் நடந்திருக்கும். காலையில் ஒரு தடவை ரப்பரைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க ஆள் வைத்திருக்கிறீர்களா?

ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் எனக்கு இதுதான். புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை, பத்து மணிக்கு மேல் பசில். இந்தப் படத்துக்குச் சாப்பாட்டு மேசையையே கொடுத்துவிட்டோம். 98க்கு 75 சென்டிமீட்டர். வேறு எங்கே விரிப்பது? நானும் வீட்டுக்காரம்மாவும் அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். ஓரத் துண்டுகள் 176, எண்ணிச் சரிபார்த்துத்தான் ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது துண்டு வைத்தால் பெரிய விஷயம். ஆற்றுத் தண்ணீர் முழுக்க ஒரே பழுப்பு நிறம். அதற்கே பதினைந்து நாள். 1983இல் அந்தச் சரக்குப் படகுகளையெல்லாம் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்களே, அதற்கு முந்தைய ஆறு அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆற்றங்கரையில், போட் கீயில் நின்று மதியச் சோறு தின்றுகொண்டே நான் பார்த்த ஆறு.

இல்லாமல் போன துண்டு எது தெரியுமா? முன்னால் நிற்கும் பெரிய படகின் கண். ஆபத்து தெரியட்டும் என்று படகின் மூக்கில் கண் வரைந்திருப்பார்களே, அந்தக் கண். தண்ணீரில் ஒரு துண்டு போயிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

புகார் செய்து மூன்று வாரம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு துண்டு. ஓட்டையில் வைத்தேன், டக்கென்று உட்கார்ந்தது. ஆனால் நிறம் சிவப்பு! வேறு ஏதோ பூப் படத்தின் துண்டு. ஒரே டையில் பல படங்களை வெட்டுவீர்கள், அதனால் வடிவம் பொருந்திவிட்டது. படகுக்குக் கண்வலி வந்த மாதிரி இருக்கிறது.

உடனே போன் செய்தேன். தமிழில் பேச 4ஐ அழுத்தி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு தம்பி வந்தார். பேர் கேட்டேன், சொல்லவில்லை.

"ஃபிட் ஆகுதுல்ல அங்கிள்? அப்புறம் என்ன?"

"கலர் வேற தம்பி."

"ஒரு பீஸ்தானே. மார்க்கர் வச்சு அடிச்சிடுங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "சோபாவுக்கு அடியில நல்லாப் பாத்தீங்களா? வயசானா எங்கயாவது வச்சிட்டு மறந்துடுவீங்க, அங்கிள்."

சோபாவை நகர்த்திப் பார்த்துவிட்டேன். வேக்கூம் பையைச் செய்தித்தாளில் கொட்டி, தூசியை விரலால் கிளறியும் பார்த்துவிட்டேன். வீட்டில் பூனை இல்லை, சின்னப் பிள்ளை இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று ஆரம்பத்தில் சொல்கிறீர்களே, தயவுசெய்து அதைப் போட்டுக் கேளுங்கள். அவர் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. 2000 துண்டு பசில் ஒன்றை அவரிடம் கொடுத்து, ஒரு துண்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

நஷ்டக் கணக்கு: பசில் 68 வெள்ளி 90 காசு. தீபாவளிக்கு மாட்டலாம் என்று சட்டம் போடக் கொடுத்த முன்பணம் 60 வெள்ளி, அந்தக் கடைக்காரரும் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். மூன்று பயணம், மழையில் நனைந்து வந்த காய்ச்சலுக்கு டாக்டர், 40 நாள் உழைப்பு, ராத்திரித் தூக்கம். ஆயிரம் வெள்ளிக்குக் குறையாது. பேத்தி ஒவ்வொரு ஞாயிறும் வந்து "தாத்தா, கண்ணு வந்துடுச்சா?" என்று கேட்கிறாளே, அதற்கு என்ன விலை போடுவது?

சண்டை போட எனக்கு ஆசை இல்லை. உங்கள் பசில்கள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. படங்கள் அருமை, அட்டையும் நல்ல கனம். ஆனால் 2012இலிருந்து இந்த ஊரில், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பொருளைக் கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு, என் சோபாவின் பொறுப்பு அல்ல. நான் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், என் தொகைக்கு மனுச் செலவு 10 வெள்ளிதான். அங்கே வக்கீல் கிடையாது. சம்பந்தப்பட்டவர்களே வந்து உட்கார வேண்டும். முழுப் பசிலையும் பலகையோடு தூக்கிக்கொண்டு வருவேன்.

கேட்பது பெரிதல்ல. சரியான துண்டு ஒன்று. அது முடியாதென்றால் அதே படத்தில், பிரிக்காத பெட்டி ஒன்று. வேறு படம் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டாலும் துண்டு வரட்டும். கொரியர்காரர் மணி அடித்துவிட்டு உடனே போய்விடாமல் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள், முழங்கால் வலி, கதவைத் திறக்க எனக்கு நேரமாகும்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்
(புகார் எண்ணும் தொலைபேசி எண்ணும் உறையின் மேல் உள்ளன)

பி.கு.: அந்தச் சிவப்புத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். யார் வீட்டுப் பூவிலோ இப்போது ஓட்டை இருக்கும். அவர் பெயரைத் தேடி, முதலில் அவருக்கு அனுப்பிவையுங்கள்.