கதியால் கணக்கு

அன்புள்ள வதனி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வவுனியா வாடகை வீடும் மாமியின் பூனையும்தான். கடைசியில், வயிற்றில் மூன்று மாதம் என்றும், "இரவிலை நெஞ்சு படபடக்குது, சும்மா பயமாக் கிடக்கு" என்றும் இரண்டு வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கடிதம். அதனால் இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

சின்னவள் வயிற்றில் ஐந்து மாதம். மத்தியானம் கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பின் வளவில் யாரோ லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை ஸ்டார்ட் பண்ணினார்கள். அவ்வளவுதான். நெஞ்சு அடித்த அடியில் சட்டி கைநழுவியது. மூச்சு முட்டியது, விரல்கள் விறைத்து மடங்கின, வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. நானும் பிள்ளையும் முடிந்தோம் என்றுதான் நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் அரிசியைக் கோழிகள் பொறுக்கி முடித்திருந்தன.

அதற்குப் பிறகு, அது திரும்ப வருமோ என்ற பயம். அதுதான் பெரிய கரைச்சல். கிணற்றடிக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை. அம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் எரித்தா. எனக்கு இருமல்தான் மிச்சம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தா. அதை நான் மறிக்கவில்லை.

மிட்வைவ் அக்கா திரிபோஷா சத்துமா கொண்டு வந்த நாளில், "நித்திரை எப்படி?" என்று கேட்டா. அழுதுவிட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினா. பிரஷர், ஈசிஜி, தைரொயிட், இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இப்படி நெஞ்சு அடிக்குமாம். எனக்கு இரத்தம் கொஞ்சம் குறைவு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிய கெட்டிக்காரி நான். நல்ல பேச்சும் வாங்கினேன். இதயத்தில் ஒரு பிழையும் இல்லை.

இது பதகளிப்பு, அதாவது மனப் பதற்றம், என்று டொக்டர் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதயம் வழமையைவிட வேகமாகத்தான் அடிக்கும், மூச்சும் கூடும். அதை ஆபத்து என்று மனம் எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக மூச்சு வாங்கினால், இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் விறைக்கிறது. அதனால் மூச்சை இழுப்பதை விட்டுவிட்டு, நீட்டி வெளியே விடச் சொன்னார். எண்ணச் சொன்ன கணக்கு எனக்கு மறந்துபோகும். வேலியில் நட்ட கதியால் தடிகளை எண்ணத் தொடங்கினேன்: நாலு கதியால் உள்ளே, ஆறு கதியால் வெளியே.

பிறகு, கதைத்து ஆற்றுகிற மிஸ் ஒருவர். மூன்றாம் தரம் போனபோதுதான் 2009 சண்டைக் காலம் வாயில் வந்தது. இரணைப்பாலையில் எங்களோடு பங்கருக்குள் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி இருந்தா, ஞாபகமா? வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நாய் இளைப்பது போல மூச்சு விட்டா. நீயும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பதின்மூன்று வயது. அவ எங்கே போனா என்று எனக்குத் தெரியாது.

உனக்கும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. போய்க் காட்டு, கிளினிக்கில் வாயைத் திறந்து சொல். எனக்கு மருந்து தேவைப்படவில்லை, சிலருக்குத் தேவைப்படும்; அது டொக்டரின் முடிவு. ஏற்கெனவே ஏதும் குளிசை குடிக்கிறாய் என்றால் நீயாக நிறுத்தாதே. நெஞ்சு நோ, மயக்கம், இரத்தம் படுதல் என்றால் கதியால் எண்ணிக்கொண்டு நிற்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. நடுச்சாமத்தில் தனியே தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடு. இல்லாவிட்டால் எனக்கு எடு, நானும் முழித்துத்தான் இருப்பேன்.

சின்னவளுக்கு இரண்டு வயதாகிறது. லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடிப்போய்க் கை தட்டுகிறாள். எனக்கு இன்னும் ஒரு துடிப்பு வந்துதான் போகிறது.

பாலைப்பழம் தொடங்கிவிட்டது. ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். உன் அடுத்த கிளினிக் என்றைக்கு என்று எழுது, கையோடு கொண்டுவந்து உன்னோடு வரிசையில் நிற்கிறேன்.

உன்,
சுபா