சாலையில் அமர்ந்திருக்கும் பக்கிக்குருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குச் செல்லும் காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவோர், முன்விளக்கின் வெளிச்சத்தில் தரையோடு தரையாக இரண்டு செந்நிறப் பொறிகள் மின்னுவதைக் கண்டிருப்பார்கள். அவை பக்கிக்குருவியின் கண்கள். சென்ற வாரம் விடியற்காலையில் அந்தச் சாலையில் வந்தபோது, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இந்தப் பறவைகள் மூன்று நசுங்கிக் கிடக்கக் கண்டேன். அந்த வேதனையே இக்கடிதத்தை எழுத வைத்தது.

பக்கியைப் பகலில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஏறத்தாழ மைனாவின் நீளத்தில், 24 செ.மீ. அளவில் இருக்கும் அதன் உடல் முழுவதும் காய்ந்த சருகின் நிறங்கள்தான்: மணலின் சாம்பல், மரப்பட்டையின் பழுப்பு, இடையிடையே கரிக்கோடு இழுத்தாற்போன்ற கருமை. பிடரியில் வெளிர்மஞ்சள் பட்டையும் தொண்டையின் இருபுறமும் வெண்புள்ளியும் உண்டு. பறக்கும்போது இறக்கையிலும் வாலின் ஓரங்களிலும் வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். கரட்டுச் சரிவிலோ மாந்தோப்பின் சருகுகளுக்கு நடுவிலோ அது கண்களை ஏறக்குறைய மூடியபடி படுத்துவிட்டால், ஆடு மேய்ப்பவரின் கால் அருகே வந்து விழும்வரை அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. சிறிய அலகைப் பார்த்து வாயும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. அது திறந்தால் கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கும், ஓரங்களில் விறைப்பான மீசைமயிர்கள் நிற்கும். அந்த வாயை அகலத் திறந்தபடி பறந்தே அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் ஈசல்களையும் அது பிடித்துத் தின்கிறது.

ஐரோப்பாவில் வாழும் இதன் உறவினப் பறவை இரவில் பட்டிக்குள் புகுந்து ஆட்டின் மடியில் பால் குடிக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ‘காப்ரிமுல்கஸ்’ என்ற இவற்றின் அறிவியல் பேரினப் பெயருக்கே ஆட்டுப்பால் கறப்பது என்றுதான் பொருள். கால்நடைகளைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகளைத் தேடி வந்த பறவையின் மீது சுமத்தப்பட்ட பழி அது. நம் ஊரிலும் பக்கி என்றால் வசைச்சொல்லாகத்தான் பலருக்குத் தெரியும். அறுவடைக்குக் காத்திருக்கும் துவரைக்கொல்லையின் மேல் இரவெல்லாம் பூச்சி பிடிக்கும் உயிருக்கு அந்தப் பெயர் வசையானது எனக்கு வருத்தம் தருகிறது.

கோடையில் அந்தி சாய்ந்ததும் அதன் குரலைக் கேட்கலாம். சிமெண்டுத் தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி, துள்ளல் குறுகிக் குறுகி அடங்குவதைப் போல ‘சக், சக், சக்’ என்று தொடங்கி விரைந்து முடியும். அதே பருவத்தில்தான் கூடு எதுவும் கட்டாமல் வெறுந்தரையில் இரண்டு முட்டைகளை இடுகிறது. பெற்றோரின் இறகைப் போலவே முட்டைகளும் புள்ளியிட்டு மண்ணோடு கலந்திருக்கும். யாரேனும் நெருங்கினால், அடைகாக்கும் பறவை கடைசி நொடிவரை அசையாது. பிறகு எழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டித் தத்தி, வந்தவரின் கவனத்தை முட்டையிலிருந்து வேறுபக்கம் இழுத்துச் செல்லும்.

அசையாதிருத்தலே பக்கியின் கவசம். நரியிடமிருந்தும் கீரியிடமிருந்தும் அதைக் காத்த அந்தப் பழக்கம், தார்ச்சாலையில் அதன் உயிரைப் பறிக்கிறது. மரம் மறைக்காத சாலையில் அமர்ந்தால், வானத்தின் மங்கிய ஒளியில் மேலே பறக்கும் பூச்சி தெளிவாகத் தெரியும். அதனால்தான் அங்கே வந்து உட்காருகிறது. உயர்த்திய முன்விளக்கு திடீரெனக் கண்ணில் பாய்ந்ததும் திகைத்து அப்படியே இருந்துவிடுகிறது. கால்கள் குட்டையானவை, ஓடித் தப்பவும் இயலாது.

2014-ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகள் இப்பகுதியில்தான் இருக்கின்றன. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையிலும், குறிப்பாக விடுமுறை நாள்களில் இரவில் திரும்பும் வண்டிகளின் வேகத்தைப் பார்க்கும்போது அச்சமாக இருக்கிறது. யானைக்காக எச்சரிக்கைப் பலகை வைப்பதைப் போல, தரையில் அமரும் பறவைகளுக்காகவும் இவ்விரு சாலைகளிலும் பலகை வைத்து, இரவு வேகத்துக்கு வரம்பிட வேண்டும் என வனத்துறையையும் நெடுஞ்சாலைத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். கோடையில் புல் தழைக்கட்டும் என்று கரட்டுக்குத் தீ வைப்பவர்கள், முட்டையை விட்டு எழாத தாய்ப்பறவையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாலையில் சிவப்பாக இரண்டு பொறிகள் தெரிந்தால், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள். கண் கூச்சம் விலகிய மறுகணம் அது ஓசையின்றி எழுந்து, வண்டிக்கு முன்னே சிறிது தூரம் பறந்து, புதருக்குள் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.