"சூப்பும் மேளமும்" குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரசபையின் செலவுகளைப் பற்றிக் கடந்த வார இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். சொத்துவரியைப் பற்றி அதில் கூறப்பட்டவற்றில் பெரும்பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. அந்த வரியைக் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நான்காவது பத்தியில், போகிற போக்கில், "வேலைவெட்டியின்றித் திரியும் செவ்விந்திய இளையோருக்குச் சூப்பும் மேளமும் வழங்கும் மடங்கள்" என்றொரு தொடர் வருகிறது. ரொறன்ரோ நகர மையத்தில், கனடாவின் பூர்வகுடி இளையோருக்கான அத்தகைய மடம் ஒன்றில் நான் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்; கடைசி ஆறு ஆண்டுகள் மாலை நேர மேற்பார்வையாளராக. ஆகவே கட்டுரையாளர் கேளாமலே சிலவற்றைச் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

சூப்பு இருப்பது உண்மை. வடக்கிலிருந்து யாராவது மூஸ் எனும் பெரிய மானின் இறைச்சி கொண்டுவந்தால் அன்று அடுப்படியில் திருவிழா. மற்ற நாட்களில் கோழி அல்லது பருப்பு. பருப்பு என் கைச்சமையல் என்பதால் அதைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லும் கேலிகளை இங்கே எழுத முடியாது. கதவு பிற்பகல் மூன்று மணிக்குத் திறக்கும். உள்ளே வருகிறவர் அடையாள அட்டை காட்டத் தேவையில்லை. சொந்தப் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. குளிக்கலாம், துணி துவைக்கலாம், சோபாவில் தூங்கலாம். யாருக்காவது போதைமருந்து அளவு மீறி மூச்சுத் திணறினால், அதை முறிக்கும் நலோக்சோன் மருந்து எந்த இழுப்பறையில் இருக்கிறதென்பது எங்கள் ஊழியர் அனைவருக்கும் தெரியும், பெரும்பாலான பிள்ளைகளுக்கும் தெரியும்.

இதையெல்லாம் மேற்பார்வை செய்வது காவற்காரர் வேலை என்றுதான் தொடக்கத்தில் நானும் நினைத்தேன். மேற்பார்வையாளராகி முதல் ஆண்டு, ஒரு பனிக்கால இரவில், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நிறையக் குடித்துவிட்டு வந்து, மேளத்தைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களோடு தானும் பாட வேண்டுமென்று அடம்பிடித்தான். மது அருந்தியவர் மேளத்தின் அருகே இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய மரபு. ஊழியர் கைநூலைப் புரட்டினேன். ஒரு வாரத் தடை என்றிருந்தது. அதை எழுதி, கையெழுத்திட்டு, அவன் கையில் கொடுத்தேன். எங்கள் நிலையத்தின் மூதாட்டி, அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர், எழுந்து வந்தார். அவனை வெளியே அனுப்பவில்லை. இன்று மேள அறைக்கு வேண்டாம் என்று சொல்லி, அடுக்களைக்குக் கூட்டிச்சென்று, ஒரு கிண்ணத்தில் சூப்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னிடம் திரும்பி, இந்த ஒரு வாரம் அவன் எங்கே போவான் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதிலில்லை. வெளியே குளிர் மறை இருபதுக்குக் கீழே இருந்தது. அந்தக் கைநூலின் அந்தப் பக்கத்தை மாற்றி எழுத எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. இப்போது எவரையும், அடுத்து எங்கே போவார் என்று அறியாமல், வாசலுக்கு அனுப்புவதில்லை. மரபு என்பது எதைத் தடுக்கிறது என்பதை நான் கைநூலில் படித்திருந்தேன். எதை விட்டுக்கொடுக்காது என்பதை அன்றிரவுதான் கண்டேன்.

இனி மேளம். அது ஒலிக்கும் சடங்குகளே ஒருகாலத்தில் குற்றமாக இருந்தன. கனடிய அரசு 1884ஆம் ஆண்டு, பூர்வகுடிகள் மீதான "இந்தியர் சட்டத்தை"த் திருத்தி, விருந்தும் கொடையும் கலந்த, மேற்குக்கரை மக்களின் பொட்லாச் சடங்கைக் குற்றமாக்கியது. 1895இல் அந்தத் தடையை மேலும் பல சடங்குகளுக்கும் நீட்டியது. 1951 வரை அவை சட்டப் புத்தகத்தில் இருந்தன. ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள்; தலைமயிரை வெட்டினார்கள்; தாய்மொழி பேசியதற்கு அடித்தார்கள். அவற்றுள் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில், அதாவது நம்மில் பலர் பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கிய பிறகு. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2021 குடிமதிப்பின்படி, பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 வீதம், வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பவர்களில் அவர்கள் 53.8 வீதம். இவற்றைத் தாங்கள் அறிவீர்கள். கட்டுரையை அச்சுக்கு அனுப்பியவருக்கும் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதற்கேள்வி என்ன, ஆசிரியரே? ஊரிலே எவ்விடம் என்பதுதான். யாழ்ப்பாணம் என்றால் அதோடு விடமாட்டோம். எந்தப் பகுதி, எந்தக் கோயிலடி, ஆருடைய பிள்ளை என்று வேலிவரை போய்த்தான் நிற்போம். இந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் எரிச்சல் தந்து வந்தது. எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளையிடம் அந்த மூதாட்டி கேட்பதும் அதே கேள்விதான்: எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தக் குலம். பதினேழு வயதுக்குள் ஐந்தாறு வளர்ப்பு வீடுகளைக் கண்ட ஒரு பெண், தான் கிரீ இனத்தவளா ஓஜிப்வேயா என்பதே தெரியாமல், அந்தக் கேள்வியின் முன்னால் தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மூதாட்டி அவளை வற்புறுத்தவில்லை. தொலைபேசியை எடுத்தார். மூன்று வாரங்களில், சூப்பீரியர் ஏரிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் அவளுடைய பெரியம்மா இருக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் இப்போது வியாழக்கிழமைகளில் சிறிய பிள்ளைகளுக்கு மணிவேலை சொல்லிக்கொடுக்கிறாள். கட்டுரையாளரின் கணக்கில் அவள் வேலைவெட்டி இல்லாதவள். ஊர் எது என்று கேட்கும் பழக்கத்தின் மீது எனக்கிருந்த எரிச்சலும் அந்த மூன்று வாரங்களோடு போய்விட்டது.

நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிக்கிறார்கள். கட்டடம் கல்விச்சபையுடையது, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது ஒன்ராறியோவின் வரிப்பணம். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் "அ" எழுதினார்கள், நன்றியோடு சொல்கிறேன். அதை எந்தக் கட்டுரையாளரும் மடம் என்று எழுதி நான் கண்டதில்லை. எழுதியிருந்தால், தங்கள் அலுவலகத்துக்கு எத்தனை கடிதங்கள் வந்திருக்கும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதற்கு முன்பும் எழுதினேன். 2021 மே மாதத்தில் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளி வளாகத்தில் குறிக்கப்படாத புதைகுழிகள் இருப்பதற்கான தடயங்கள் பற்றிய செய்தி வந்தபோது, தங்கள் பத்திரிகை அதற்கும் "செவ்விந்தியச் சிறார்" என்றே தலைப்பிட்டது. கொலம்பஸ் திசை தவறி வைத்த பெயரையும், அதன்மேல் யாரோ பூசிய நிறத்தையும், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தமிழில் நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடிதம் வெளிவந்தது. அந்த வரியை மட்டும் இடம் போதாமையால் நீக்கிவிட்டிருந்தீர்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் வீடு விற்பனை விளம்பரம்.

பிறகொரு தை மாதம், தமிழ் மரபுத் திங்கள் விழா ஒன்றுக்கு எங்கள் மேளக்குழுவை அழைத்தார்கள். எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன். தாங்களும் முன்வரிசையில் இருந்தீர்கள். ஆறு பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு வந்து எட்டேகால் வரை மேடைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். இரண்டு பரதநாட்டியத்துக்கு நடுவே ஏழு நிமிடம் கிடைத்தது. தொகுப்பாளர் இந்த மண்ணின் மக்களுக்கு நன்றி என்று தாளைப் பார்த்து வாசித்தார். அந்த மக்களின் இனப்பெயர்கள் அவர் வாயில் பட்ட பாட்டைப் பிள்ளைகள் சிரித்து மன்னித்தார்கள். விருந்துச் சீட்டு எங்களுக்கென்று எவரும் எடுத்துவைக்கவில்லை. திரும்பும் வழியில் என் கைப்பணத்தில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, கட்டுரையாளருக்கு அதில் ஆர்வம் மிகுதி என்பதால். எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி ஓராண்டுத் திட்டப்பணம். மார்ச் 31இல் முடியும். ஏப்ரல் மாதச் சம்பளம் உறுதியா என்று என் ஊழியர்கள் கேட்கும்போது நான் வானிலையைப் பற்றிப் பேசுவேன். மூத்தோருக்குப் புகையிலையைக் கையில் வைத்து வணங்கித்தான் அறிவுரை கேட்க வேண்டும் என்பது மரபு; பணம் தருபவர்களோ அவரிடம் விலைப்பட்டியல் வாங்கிவரச் சொல்கிறார்கள். சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டுவது அந்தப் பிள்ளைகளுக்கு நம் வீட்டுச் சாம்பிராணி மாதிரி. சடங்குக்காகப் புகையிலை எரிப்பதை ஒன்ராறியோவின் புகைத்தடைச் சட்டமே அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்து, எங்கள் கட்டட உரிமையாளருக்கு ஐந்து முறை விளக்கி எழுதிவிட்டேன். ஆறாவது எச்சரிக்கைக் கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது.

தாங்கள் ஈழத்தைப் பற்றி எழுதும் தலையங்கங்களைத் தவறாமல் வாசிப்பவள் நான். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூரும் பத்திரிகையில் அந்த நான்காவது பத்தியும் இடம்பெற்றதுதான் என்னை இரவு ஒரு மணிக்கு எழுத உட்கார வைத்தது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. இணையப் பதிப்பில் "செவ்விந்திய" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பூர்வகுடி" என்று மாற்றி, அச்சிதழில் அதற்கு ஒருவரித் திருத்தம் போட்டால் போதும். மரண அறிவித்தல்களுக்குக் கீழே போட்டாலும் சரிதான். நம்மவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இம்முறை இடம் போதாவிட்டால், இந்தக் கடிதத்தில் சூப்பைப் பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேர மேற்பார்வையாளர் ஒருவர்,
ரொறன்ரோ

(நிலையத்துக்கு வரும் பிள்ளைகளை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)